நாலாயிரம் சொல் ஆய்வுக்கட்டுரை: யாழ்ப்பாணத்தில் தரவு சேர்த்து எழுதும் மாணவருக்கு முழுமையான வழிகாட்டி

ஐ.பி. (இன்ரர்நஷனல் பக்கலோரியா) டிப்ளோமா படிக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் 4000 சொல்லுக்குள் தனியாக ஓர் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். எக்ஸ்ரென்டட் எஸ்ஸே என்பது அதன் பெயர், ஈ.ஈ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ லண்டனிலோ படித்துக்கொண்டு, விடுமுறைக்கு அம்மம்மா வீட்டுக்கு வரும்போது யாழ்ப்பாணத்தைப் பற்றியே எழுதுவோம் என்று தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் சில காலமாக உதவி வருகிறேன். எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். தலைப்பை முடிவு செய்து, முன்னுரையையும் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு சான்று தேடப் புறப்படுகிறார்கள். தேடியது கிடைக்காது. திரும்பிப் போகும் நாளும் வந்துவிடும்.

இந்த வழிகாட்டியில் ஒழுங்கு வேறு: முதலில் சான்று, பிறகு கேள்வி, முன்னுரை கடைசியில். உயர்தர வகுப்பில் பாடசாலைச் செயற்றிட்டம் செய்பவர்களும், கேம்பிரிட்ஜ் திட்டத்தில் 5000 சொல் ஆய்வறிக்கை எழுதுபவர்களும் இதே ஒழுங்கில் போகலாம். சொல் எல்லையும் புள்ளித்திட்டமும்தான் மாறும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பரீட்சை ஆண்டுக்குரிய வழிகாட்டிக் கோவை வேண்டும். 2027இல் பரீட்சை எழுதுபவர்களில் இருந்து விதிகள் மாறிவிட்டன. மொத்தப் புள்ளி 34இல் இருந்து 30 ஆகிவிட்டது. அண்ணா அக்காமார் தந்த பழைய கோவையை வைத்து எழுதினால், இப்போது இல்லாத பகுதிக்கு உழைப்பைக் கொட்டுவீர்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள். எந்த நாள் எதைப் பார்த்தேன், யாரோடு கதைத்தேன், ஏன் கேள்வியை மாற்றினேன் என்று அதில் எழுதுங்கள். கடைசியில் 500 சொல்லுக்கு மேற்படாத சிந்தனைக் குறிப்பு ஒன்று கொடுக்க வேண்டும், அதற்கும் புள்ளி உண்டு. கொப்பி இல்லாதவர்கள் அந்தக் குறிப்பை நினைவில் இருந்து எழுதுவார்கள். அது எல்லாருடைய குறிப்பையும் போலவே இருக்கும்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். மாணவர் ஏறக்குறைய 40 மணித்தியாலம் உழைப்பார் என்றும், மேற்பார்வை ஆசிரியர் 3 முதல் 5 மணித்தியாலம் தருவார் என்றும் எதிர்பார்த்துத்தான் திட்டத்தை வகுத்திருக்கிறார்கள். அதாவது, ஆசிரியர் பக்கத்தில் இருந்து வழிநடத்தப் போவதில்லை. சந்திக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தெளிவான கேள்விகளோடு போனால்தான் அந்த நேரம் பயன்படும்.

2. பாடத்தை முடிவு செய்யுங்கள்

தலைப்புக்கு முன் பாடம். ஒரே விடயத்தை இரசாயனவியலாகவும் எழுதலாம், புவியியலாகவும் எழுதலாம், பொருளியலாகவும் எழுதலாம். ஆனால் திருத்துபவர் அந்தந்தப் பாடத்தின் முறையைத்தான் தேடுவார். கிணற்று நீரை இரசாயனவியலில் எடுத்தால் அளவீட்டுப் பிழையைப் பற்றி எழுத வேண்டும். புவியியலில் எடுத்தால் படமும் இடப்பரம்பலும் வேண்டும்.

நீங்கள் வகுப்பில் படிக்கும் பாடத்தையே எடுப்பது பாதுகாப்பு. வரலாறு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கடைசிப் பத்து ஆண்டுகளுக்குள் நடந்தவற்றை வரலாற்றுக் கட்டுரையாக ஏற்கமாட்டார்கள்.

3. சான்று எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். ஒரு பொது விடயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு (கிணற்று நீர், பழைய பத்திரிகை, வெங்காய விலை) என்னென்ன உண்மையாகவே கையில் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே முடியாது. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது பழைய நூல்களும் ஏடுகளும் பெருந்தொகையாக அழிந்துபோயின. போரும் இடப்பெயர்வும் வீடுகளில் இருந்த சேகரிப்புகளையும் சிதறடித்தன. ஆகவே "நூலகத்தில் இருக்கும்தானே" என்று நினைத்து வரக்கூடாது. நூலகம் என்ற பெயரிலேயே 2005 முதல் இயங்கும் எண்ணிம நூலகத்தை முதலில் இணையத்தில் தேடுங்கள். பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகம், பொது நூலகம், கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். வெளியில் இருந்து வரும் பள்ளி மாணவரிடம் பல்கலைக்கழக நூலகத்தில் அனுமதிக் கடிதம் கேட்கலாம். பாடசாலையின் கடிதத்தோடு வாருங்கள்.

எடுத்துக்காட்டாக, பிரித்தானியர் ஆட்சியில் வந்த டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் நடந்த அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. பின்னால் நின்றது யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ். நல்ல விடயம். சுன்னாகத்தில் இருந்து ஈழகேசரி பத்திரிகை 1930இல் வெளிவரத் தொடங்கிவிட்டது, இந்து சாதனம் அதற்கு முன்பே இருந்தது. சரி, உங்களுக்கு வேண்டிய மாதங்களின் இதழ்கள் கிடைக்கின்றனவா? தொடர்ச்சியாக இருக்கின்றனவா, இடையில் விடுபட்டவை எத்தனை? இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் கேள்வியை எழுதலாம். இரண்டு பத்திரிகையும் கிடைத்தால் ஒப்பிடலாம். ஒன்றுதான் கிடைத்தால் கேள்வி வேறு.

இணையத்தில் தேடும்போது ஊர்ப்பெயரை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஆங்கில ஆவணங்களில் ஊர்காவற்றுறை காய்ற்ஸ் என்றும், பருத்தித்துறை பொயின்ற் பீற்றோ என்றும்தான் இருக்கும். ஒன்றை மட்டும் தேடினால் பாதி ஆவணம் தட்டுப்படாது.

புள்ளிவிபரத்தை நம்பி எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குடித்தொகைக் கணக்கெடுப்பு 1981இல் நடந்தது. அதன் பிறகு யாழ்ப்பாணத்தில் முழுமையாக நடந்தது 2012இல்தான். 1981இன் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் இருந்தது, 1984இல்தான் அது தனி மாவட்டம் ஆனது. இரண்டு ஆண்டு எண்களையும் அப்படியே எடுத்து ஒரு கோட்டால் இணைத்துக் "குடித்தொகை இப்படிக் குறைந்து வந்தது" என்று எழுதும் கட்டுரைகளை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எல்லை மாறியதையும், இடையில் கணக்கு இல்லாததையும் சொல்லாவிட்டால் அந்த வரைபு பிழையான கதையைச் சொல்லும்.

4. இப்போது கேள்வியைக் கட்டுங்கள்

சான்றுப் பட்டியல் முன்னால் இருக்கும்போது கேள்வி தானாகச் சுருங்கும். மூன்று விடயம் அதில் தெரிய வேண்டும்: எந்த இடம், எந்தக் காலம், எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்.

"யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீர் மாசடைதல்" என்று கொண்டுவருவார்கள். இது கேள்வி இல்லை, நாலாயிரம் சொல்லுக்குள் அடங்கும் விடயமும் இல்லை. "கோப்பாய்ப் பகுதியில் வெங்காயத் தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்று அளவு, தோட்டத்துக்கு அப்பால் உள்ள வீட்டுக் கிணறுகளின் அளவில் இருந்து எவ்வளவு வேறுபடுகிறது?" என்றால் அளக்கலாம், ஒப்பிடலாம், முடிவு சொல்லலாம். (நைத்திரேற்று என்பது நீரில் கரையும் ஒரு நைதரசன் சேர்வை.)

கேள்விக்குள்ளேயே விடையை வைப்பதுதான் அடுத்த பிழை. "இரசாயனப் பசளை எவ்வாறு கிணறுகளைப் பாழாக்குகிறது?" என்று கேட்டால் பசளைதான் காரணம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள். மலசலகூடக் குழியில் இருந்தும் நைத்திரேற்று வரும். கோப்பாய் அடங்கும் வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்கூடாக மேலே ஊற்றியது சுணங்காமல் கிணற்றுக்குப் போய்விடும், அது எங்கிருந்து வந்தாலும். ஆகவே வேறு காரணத்துக்கும் இடம் வைத்துக் கேளுங்கள்.

கேள்வி சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. "இல்லை" என்ற விடை வந்தாலும் கட்டுரை நிற்குமா என்று யோசியுங்கள். இரண்டு வகைக் கிணற்றுக்கும் வேறுபாடே இல்லை என்று தரவு காட்டினால், அதுவும் எழுதத்தக்க முடிவுதான். அப்படி இல்லாமல் ஒரே ஒரு விடை வந்தால்தான் கட்டுரை நிற்கும் என்றால், கேள்வியைத் திருத்துங்கள்.

5. அனுமதியும் பருவமும்

வெளிநாட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்டில் வருவார்கள். அது வரண்ட காலம். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு பெய்வது. மழை மண்ணில் உள்ள நைத்திரேற்றைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். ஓகஸ்டில் எடுத்த அளவு ஓகஸ்டுக்குத்தான். அதை வைத்து ஆண்டு முழுவதற்கும் பேசாதீர்கள். மாரியில் அதே கிணறுகளில் நீர் எடுத்து அளந்துதர ஊரில் யாரும் இருந்தால், போவதற்கு முன் முறையைச் செய்து காட்டிவிட்டு, அப்படிச் செய்ததைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் இந்தக் காலத்தை ஒட்டியே வரும். அந்த நாட்களில் வயதானவர்களைப் பகலில் பிடிப்பது கஷ்டம். நேர்காணல்களை அதற்கு முன்போ பின்போ வையுங்கள்.

கிணறு ஒருவருடைய வளவுக்குள் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டு, எதற்கு எடுக்கிறீர்கள், பெயர் வருமா வராதா என்று சொல்லி, ஒரு சிறு கடதாசியில் ஒப்பம் வாங்குங்கள். கட்டுரையில் கிணறு 1, கிணறு 2 என்றே எழுதுங்கள். "இன்னாருடைய கிணற்றில் நஞ்சு" என்ற கதை ஊரில் பரவினால், அதன் சுமை உங்களை நம்பி வாளியை இறக்கவிட்ட குடும்பத்தின் தலையில் விழும்.

6. தரவு சேர்த்தல்

கிணற்று நீர் எடுப்பவர்கள்: போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று தரம் அலசுங்கள். மோட்டர் என்றால் சில நிமிடம் ஓடவிட்டு எடுங்கள், குழாய்க்குள் தேங்கி நின்ற நீர் வந்துவிடக்கூடாது. அந்த இடத்திலேயே திகதி, நேரம், கிணற்று எண் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் போத்தல்கள் மாறும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றோ மறுநாளோ அளந்துவிடுங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் இரண்டு மாதிரி எடுத்தால், வேறுபாடு கிணற்றுக்குக் கிணறா அல்லது உங்கள் அளவீட்டிலா என்று தெரியும்.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறியுங்கள். நாலாம் படியில் சொன்ன மற்றக் காரணத்தைச் சோதிக்க இது எளிய வழி. பலர் இதை மறந்துவிட்டு, எழுதும்போது தவிக்கிறார்கள்.

நீரில் தோய்த்தால் நிறம் மாறும் சோதனைக் கீற்றுப் பாவிப்பவர்கள், அதன் நிறம் ஒரு வீச்சைத்தான் காட்டும் என்பதை மறக்கவேண்டாம். 25க்கும் 50க்கும் இடையில் என்று எழுதலாம். 37 என்று எழுத முடியாது.

அலகுதான் பெரிய பொறி. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. சில ஆய்வுகூடங்களும் சில கட்டுரைகளும் இதையே நைதரசனாகக் கணக்கிட்டுத் தரும். அப்போது அது 11.3 ஆகிவிடும். நைத்திரேற்றின் சூத்திர நிறை 62ஐ நைதரசனின் 14ஆல் பிரித்தால் 4.43 வரும், நைதரசனாகத் தந்த அளவை அதால் பெருக்கித்தான் நைத்திரேற்றாக மாற்ற வேண்டும். நைதரசனாகத் தந்த 12ஐப் பார்த்துவிட்டு "50க்கு மிகக் குறைவு, பாதுகாப்பான நீர்" என்று எழுதினால் முடிவு தலைகீழ். அது 53 மில்லிகிராம் நைத்திரேற்று.

கமக்காரரோடு கதைப்பவர்கள்: "பசளை கூடப் போடுறீங்களா ஐயா?" என்று கேட்டால் "இல்லைத் தம்பி, அளவாத்தான்" என்று பதில் வரும். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். "போன போகத்துக்கு எத்தனை பை யூரியா வாங்கினீங்கள்? எத்தனை பரப்புக்குப் போட்டீங்கள்?" என்று கேளுங்கள். எண் கிடைக்கும், எண்ணை மாற்றலாம். 16 பரப்பு ஒரு ஏக்கர். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 50 கிலோப் பை ஒன்றை 4 பரப்புக்குப் போட்டால் 23 கிலோ நைதரசன் கால் ஏக்கருக்கு, அதாவது ஹெக்ரேயருக்கு ஏறக்குறைய 227 கிலோ. கமத்தொழில் திணைக்களத்தின் சிபாரிசோடு ஒப்பிட இப்போது உங்களிடம் ஓர் எண் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் திருத்துபவருக்குப் பரப்பு என்றால் என்னவென்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

போர்க்கால அனுபவங்களைக் கேட்க விரும்பும் பிள்ளைகளுக்கு நான் நேரே சொல்வது: பதிவான வாய்மொழி வரலாறுகளையும் அச்சில் வந்தவற்றையும் முதலில் பாவியுங்கள். காணாமல்போன மகனைப் பற்றி ஒரு தாயிடம் பதினேழு வயதுப் பிள்ளை ஒரு பள்ளிக் கட்டுரைக்காகக் கேள்வி கேட்பது சரியில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மாவோடு யார் இருக்கப் போகிறார்கள்? ஐ.பி.யின் நெறிமுறையும் பங்கேற்பவருக்கு மன உளைச்சல் தரும் ஆய்வை ஏற்பதில்லை.

பழைய பத்திரிகை பார்ப்பவர்கள்: கட்டுரையை மட்டும் படம் எடுக்காமல், பெயரும் திகதியும் உள்ள முதற்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். கிடைக்காத இதழ்களின் திகதிகளையும் எழுதி வையுங்கள். "பத்திரிகை இதைப் பற்றி எழுதவில்லை" என்பதும் "நான் பார்த்த இதழ்களில் இல்லை" என்பதும் ஒன்றல்ல.

7. மேற்கோள் குறிப்பு

வாசிக்கும்போதே எழுதுங்கள், கடைசி இரவில் தேடவேண்டாம். தமிழில் உள்ளதை ஆங்கிலத்தில் மாற்றி எடுத்தால், மொழிபெயர்ப்பு என்னுடையது என்று குறிப்பிடுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியில் இருந்து எடுத்த எதையும் மற்ற மூலங்களைப் போலவே காட்ட வேண்டும். அது தரும் நூற்பெயர்களை ஒருபோதும் பார்க்காமல் பட்டியலில் போடாதீர்கள். யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டால், இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்த்துத் தரும்.

8. நடுவில் இருந்து எழுதத் தொடங்குங்கள்

முதலில் அட்டவணைகளையும் வரைபுகளையும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அது என்ன காட்டுகிறது என்று ஒரு பந்தி. அந்தப் பந்திகள்தான் கட்டுரையின் உடல். அடுத்து முறை. பிறகு முடிவுரை. முன்னுரை கடைசியில், ஏனென்றால் எதை அறிமுகப்படுத்துகிறோம் என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும். முன்னுரையை முதலில் எழுதியவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அமைவிடம், வரலாறு, பண்பாடு என்று எண்ணூறு சொல்லைக் கொட்டியிருப்பார்கள். பிறகு வெட்ட மனம் வராது.

புள்ளியில் பெரும் பங்கு பகுப்பாய்வுக்கும் விவாதத்துக்கும்தான். இப்படி எழுதினால் போதாது: "தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருந்தது. இதற்குப் பசளையே காரணம்." இதையே இப்படி எழுதலாம்: "தோட்டக் கிணறுகளின் சராசரி கூடுதலாக இருந்தாலும், குழிக்கு மிகக் கிட்ட இருந்த வீட்டுக் கிணறு ஒன்றும் அதே அளவைக் காட்டியது. ஆகவே பசளையை மட்டும் காரணமாகக் கொள்ள இந்தத் தரவு இடம் தரவில்லை." எண் அதேதான். இரண்டாவதில் மாணவர் தன் சான்றோடு வாதாடுகிறார்.

உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கும் ஒரு கிணற்றை, ஒரு பத்திரிகை இதழை மறைக்காதீர்கள். அதைப் பற்றி எழுதும் பந்தியில்தான் உங்கள் சிந்தனை தெரியும்.

9. சொல் எல்லை

4000க்கு மேல் எழுதியதைத் திருத்துபவர் வாசிக்கத் தேவையில்லை. முடிவுரை கடைசியில் இருப்பதால் அதுதான் வாசிக்கப்படாமல் போகும். முன்னுரை, உடல், முடிவுரை, மேற்கோளாக எடுத்த வசனங்கள் எல்லாம் எண்ணிக்கைக்குள் வரும். உள்ளடக்கப் பக்கம், அட்டவணை, வரைபு, உசாத்துணைப் பட்டியல் வராது. விளக்கங்களை அடிக்குறிப்புக்குள் தள்ளி எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கவேண்டாம், அவற்றையும் எண்ணுவார்கள்.

10. ஆசிரியருக்குக் கொடுக்கும் பிரதி

மேற்பார்வை ஆசிரியர் முழுப் பிரதி ஒன்றை ஒரு முறை மட்டுமே வாசித்துக் கருத்துச் சொல்லலாம். வரிக்கு வரி திருத்தித் தர அவருக்கு அனுமதி இல்லை. அரைகுறையாகக் கொடுத்தால் "முடிவுரை எங்கே?" என்ற கருத்தோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும். அதற்கு முன் வீட்டில் யாரையாவது வைத்து உரத்து வாசித்துக் காட்டுங்கள். நீங்களே தடக்கும் வசனங்கள் வெளிவரும்.

11. கடைசிச் சந்திப்பு

கட்டுரையைக் கொடுத்த பிறகு ஆசிரியரோடு ஒரு சிறு வாய்மொழிச் சந்திப்பு இருக்கும். மூன்று கட்டாயச் சந்திப்புகளில் இது கடைசி. ஏன் இந்தக் கிணறுகள், எது எதிர்பாராமல் வந்தது, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்பார். மாதிரி எடுத்த தாள்களையும் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். சிந்தனைக் குறிப்பை அன்றிரவே எழுதிவிடுங்கள், சொன்ன பதில்கள் மனதில் இருக்கும்போதே. அப்படியே கிணறு தந்த வீடுகளுக்கு அவரவர் கிணற்றின் அளவை மட்டும் தனித்தனியாக அனுப்பிவையுங்கள். அந்த நீரைத்தான் அவர்கள் குடிக்கிறார்கள்.